தீப விடுமுறை

கார்த்திகை தீபத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் திருவண்ணாமலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீடு நிறைய விருந்தாளிகள், மொட்டைமாடி நிறையக் கூட்டம். 2024இல் தீபத்துக்கு முன்பே துயரம் வந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண்சரிவு ஒரு வீட்டை மூடியது. இறந்த 7 பேரில் 5 பேர் குழந்தைகள். 13ஆம் தேதி தீபம் ஏறியது; மலையேறத்தான் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அன்று அண்ணாந்து கும்பிட்டவர்களுக்கு மலை சாமியாகவும் தெரிந்தது, ஈரம் குடித்த மண்ணாகவும் தெரிந்திருக்கும். என்எஸ்எஸ் பிள்ளைகள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குப்பை பொறுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தீப விடுமுறையில் தொடங்கி அவர்களை அடிவாரத் தெருக்களுக்கும் அனுப்பலாமே: எந்த ஓடை அடைபட்டிருக்கிறது, எந்த வீடு பாறைக்கு நேர் கீழே என்று வரைபடம் போட. தீபம் 11 நாள் எரியும். அதற்குள் இரண்டு தெருவாவது முடித்துவிடுவார்கள்.