பழைய கணிப்பொறியும் பிழைக்கும்!

(பத்தாம் வகுப்பு மாணவி, ஒதியம்பட்டு)

பழையது என்றாலே பயனற்றது என்று எண்ணும் மனப்பான்மை இன்று நம்மிடையே வளர்ந்து வருகிறது. பித்தளைப் பாத்திரம் மங்கினால் புளி போட்டுத் துலக்குகிறோம். தையல் இயந்திரம் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். மிதிவண்டிக்குச் சங்கிலி கழன்றால் மாட்டி ஓட்டுகிறோம். ஆனால் கணிப்பொறி சற்றே மெதுவாகிவிட்டால் மட்டும், "இது போய்விட்டது, புதிதாக வாங்கு" என்கிறோம். இது முறையா? முறையன்று என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும், பலருக்குத் தெரியாத சில பராமரிப்பு வழிகளையும் இங்கே கூற விரும்புகிறேன்.

கணிப்பொறியின் உடல் இரும்பும் பிளாஸ்டிக்கும் என்றால், அதன் உயிர் இயங்குதளம் ஆகும். நம்மில் பெரும்பாலோர் அறிந்த இயங்குதளம் விண்டோஸ். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதற்கான ஆதரவு 8-4-2014இல் நின்றது. 2009இல் விண்டோஸ் 7 வந்தது. 14-1-2020இல் அதற்கும் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10க்கு 14-10-2025இல் அதே நிலை வந்தது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளருக்கு 13-10-2026 வரை ஓராண்டு நீட்டிப்பு அளிக்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ இயந்திரங்கள் அதற்குத் தகுதியற்றவை ஆயின.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். ஆதரவு நின்ற மறுநாள் கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. அது வழக்கம்போலவே ஓடும். வேலியில் ஓட்டை விழுந்தால் அடைக்க வந்துகொண்டிருந்த ஆள் இனி வரமாட்டான், அவ்வளவுதான். ஆனால் இதைச் சிறிதாக எண்ணிவிடவும் கூடாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளைக் கூட முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆதரவு இருந்த விண்டோஸ் 7 கணிப்பொறிகளே அதில் மிகுதியாகச் சிக்கின. காரணம், அவற்றின் உரிமையாளர்கள் திருத்தத்தைச் சேர்க்கவில்லை! ஆகவே வயதைவிடக் கவனிப்பின்மையே பெரிய ஆபத்து என்பது தெளிவாகிறது.

நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும் செய்தி. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. எல்லையை ஒட்டி வாழும் நமக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் உறவினர் இல்லாமலா இருப்பார்கள்? எங்கள் வீட்டில் இருப்பதும் அத்தை மகள் பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினிதான். சென்ற ஆண்டு அதில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்றே காட்டியது. பழுது பார்க்கும் கடையில், "இது தேறாது, எடைக்குப் போடுங்கள்" என்றார்கள். பிறகு சித்தப்பா பார்த்தபோது, அதன் கடிகாரம் 2012 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது!

நோய் இதுதான். கணிப்பொறியின் உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி உண்டு. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் வகை. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். ஒவ்வோர் இணையதளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறானால் கணிப்பொறி அச்சான்றிதழை நம்ப மறுத்துவிடுகிறது. சில பத்து ரூபாயில் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம்; தளங்கள் திறந்தன. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது எவ்வளவு உண்மை!

இனி, பலரும் அறியாத வேறு சில வழிகளைக் காண்போம்.

முதலாவது, தொடக்கச் சுமையைக் குறைத்தல். கணிப்பொறியைத் திறந்தவுடன் நாம் அழைக்காத பல நிரல்கள் தாமே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விண்டோஸ் 7இல் ஸ்டார்ட் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று தட்டினால் வரும் ஸ்டார்ட்டப் பட்டியலில், தேவையற்றவற்றின் குறியை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10இல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதிலும் ஸ்டார்ட்டப் பகுதி உண்டு. வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

இரண்டாவது, அலங்காரத்தைக் குறைத்தல். சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குச் சென்று, பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் நிழல், அசைவு முதலிய ஆடம்பரங்கள் நீங்கி வேகம் கூடும். ஆனால் அப்படியே விட்டால் எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகிவிடும். நம் தமிழின் சுழிகள் கண்ணை உறுத்தும். ஆகவே எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் ஒரு வரிக்கு மட்டும் திரும்பக் குறியிட வேண்டும்.

மூன்றாவது, வட்டின் சுத்தம். 'டிஸ்க் கிளீனப்' தேங்கிய குப்பையை அகற்றும். விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் நமது டவுன்லோட்ஸ் பெட்டியும் அப்பட்டியலில் நிற்கும். பார்த்துக் குறியிட வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆனால் அவ்வப்போது 'டிஃப்ராக்' செய்வது நல்லது. சுழலாத எஸ்.எஸ்.டி.க்கு அது தேவையில்லை. வீண் தேய்மானமே மிஞ்சும்.

நான்காவது, கோப்புகளின் உடல்நலம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து 'எஸ்எஃப்சி' எனத் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ஸ்கேன்நவ்' எனத் தட்டினால், விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சோதித்துச் சிதைந்தவற்றை மாற்றிக்கொள்ளும். எந்த மாற்றம் செய்யும் முன்னும் 'ரெஸ்டோர் பாயிண்ட்' ஒன்றை உண்டாக்கிக்கொள்வது வெள்ளம் வருமுன் அணை கோலுவது போலாகும்.

ஐந்தாவது நம் மொழிக்கானது. எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலின் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்' என்பதை நிறுவினால் போதும். விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் பதிப்பு முதல், ஒலிப்பு முறையில் தமிழ் தட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. முக்கியமான ஒன்று: 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன்பு, 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் எண்ணற்ற கடிதங்களும் மலர்களும் தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை புரியாத கிறுக்கல்களாகத் தெரியும். ஆகவே பழைய இயந்திரத்தைத் துடைக்கும் முன், கோப்புகளோடு ஃபாண்ட்ஸ் பெட்டியில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். இல்லையேல் தாத்தாவின் கடிதம் கையில் இருந்தும் படிக்க இயலாமல் போகும்.

ஆறாவது, மழையும் தூசியும். 30-11-2024 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நாம் மறக்க மாட்டோம். அத்தகைய நாள்களில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் இணைய வயரையும் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தைத் தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். விசிறித் துவாரத்தில் அடைந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றினால் சூடு தணியும். சூடு தணிந்தால் வேகமும் திரும்பும்.

இவ்வளவு செய்தும் ஆதரவு நின்ற விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமை ஆகாது. இணையம் வேண்டாத தட்டச்சு, பாடக் குறிப்பு ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். இணையமும் வேண்டும் எனில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் இருக்கிறது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' அவ்வகையைச் சேர்ந்ததே. தமிழக மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றிருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? கேரளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளை லினக்ஸில் ஓட்டினால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் மதிப்பிட்டார்கள். லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். எங்கள் மடிக்கணினியில் 4 ஜி.பி. நினைவகம் சேர்த்து, லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். அது இன்றைய கணிப்பொறிகளின் வேகத்தில் ஓடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வருகின்றன. நானும் தங்கையும் அதில்தான் படிக்கிறோம்.

"இத்தனை பாடுபடுவதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். நாள் கூலியிலும் சிறு விவசாயத்திலும் வாழும் குடும்பங்களுக்கு, இருபதாயிரம், முப்பதாயிரம் என்பது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அல்லவா? மேலும், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாக மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நாம் எடைக்குப் போடும் பெட்டியின் ஈயம் யாரோ ஒருவருடைய கிணற்றில்தான் போய்ச் சேரும்.

பெற்றோர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். வீட்டுக் கணிப்பொறி கெட்டால், "அண்ணன் வரட்டும், நீ கை வைக்காதே" என்ற குரலைப் பல வீடுகளில் கேட்கிறோம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்குத் திருகாணியைக் கழற்றத் தெரியாதா? முன்னதாக மின்சாரத்தைத் துண்டித்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, பெண் பிள்ளைகளும் திறந்து பார்க்க அனுமதியுங்கள். நம் பள்ளியிலும் மாதம் ஒரு பாடவேளையைக் கணிப்பொறிப் பராமரிப்புக்கு ஒதுக்கினால், ஆய்வுக்கூடத்தில் துணி மூடிக் கிடப்பவற்றுள் சிலவாவது உயிர் பெறும். அருட்சகோதரிகள் இதைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

தோழியரே! வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். காப்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். பணம் எல்லாரிடமும் இருப்பதில்லை. அறிவையும் பொறுமையையும் நாம் இன்றே தேடிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கணிப்பொறி இருக்குமானால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் அதன் தேதியை ஒருமுறை பாருங்கள்.