கருவியும் ஆயுதமும்: சட்டத்தில் ஒரு பொருள், சாலையில் வேறொரு பொருள்

பனையேறியின் இடுப்பில் அரிவாள்பெட்டி. இளநீர் விற்பவரின் வண்டியில் அகன்ற அரிவாள். முடிதிருத்துபவரின் பையில் சவரக்கத்தி. செருப்புத் தைப்பவரின் பெட்டியில் தோல் அறுக்கும் உளி. இவற்றில் எதைக்கொண்டும் ஓர் உயிரைப் பறிக்க முடியும். முடியும் என்பதனாலேயே இவை ஆயுதங்கள் ஆகிவிடுமா? ஆகா என்கிறது நம் நாட்டுச் சட்டம். ஆகும் என்பதுபோல நடந்துகொள்கிறது நம் பொதுப்புத்தி.

வாளும் ஈட்டியும் மட்டுமன்றி வில்லும் அம்பும்கூட ஆயுதங்களே என்று வரையறுத்தது லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878இல் வந்த சட்டம். ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. ஒரு பொருள் ஆயுதமா அல்லவா என்பதை அதன் கூர்மை தீர்மானிக்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையின் நிறம் தீர்மானித்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட பொருளே ஆயுதம். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என வடிவமைக்கப்பட்டவை அதில் அடங்கா. இந்த விலக்குக்குச் சட்டமே தரும் உதாரணங்கள் இரண்டு: லத்தியும் சாதாரணக் கைத்தடியும். காவலரின் கையில் நாம் அன்றாடம் காணும் லத்தி சட்டத்தின் கண்ணில் வீட்டுப்பொருள். உழவனின் அரிவாளோ சோதனைச் சாவடியில் சந்தேகப்பொருள்!

1962இன் விதிகள் இன்னும் தெளிவானவை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வகைகளைப் பட்டியலில் சேர்க்கும்போதே வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவற்றை அவை விலக்கிவைத்தன. 2016இல் வந்த புதிய விதிகளும் அந்த விலக்கைக் கைவிடவில்லை.

சிக்கல் ‘மட்டுமே’ என்ற சொல்லில் இருக்கிறது. அரிவாள் வேளாண்மைக்கு ‘மட்டுமே’ ஆனதா என்பதை இரவு பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் தீர்மானிப்பவர் நீதிபதி அல்லர், சீருடையில் நிற்கும் ஒருவர். அங்கே பரிசோதிக்கப்படுவது இரும்பு மட்டும்தானா? பதில் சொல்பவரின் உடையும் பேச்சும் ஊர்ப்பெயரும் அந்தத் தராசில் ஏறுகின்றன. ஊர்ப்பெயரைக் கேட்டுச் சாதியைக் கணிக்கத் தெரிந்த சமூகத்தில் இது சிறிய விஷயமல்ல.

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை கொல்லுப்பட்டறைகளுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது. அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கும் காரணத்தைக் கேட்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். தென்மாவட்டங்களில் அரிவாள்கள் பறித்த உயிர்களை நாம் மறக்கவில்லை. அச்சம் நியாயமானது, தேர்ந்துகொண்ட வழியே தவறு. கொலைக்குத் துணிந்தவனுக்கு உண்மை முகவரி சொல்லும் கட்டாயம் ஏது? வீட்டில் இருக்கும் பழைய அரிவாள் எந்தப் பதிவேட்டில் ஏறும்? உண்மை முகவரியைச் சொல்லப்போகிறவர் கதிர் அறுக்கப் போகிறவரே. உலைக்களத்தில் வியர்வை சிந்தும் கொல்லரோ கூலியில்லாத காவலராகிறார்.

கட்டுப்பாடே கூடாது என்கிறீர்களா என நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் நம்முடையதைவிடக் கடுமையானது. வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தி நீங்கலாக, கூரிய பொருள் எதையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதே அங்கே குற்றம். காரணத்தை மெய்ப்பிக்கும் சுமையும் வைத்திருப்பவர் மீதே விழுகிறது. ஆனால் ‘வேலைக்காக’ என்பது ஏற்கத்தக்க காரணம் என அச்சட்டம் எழுத்திலேயே சொல்லிவிடுகிறது. தொழிலாளி அதிகாரியின் தயவை நம்பி நிற்கவேண்டியதில்லை.

நாம் கோருவது இதுதான். தொழிற்கருவியோடு வருபவர் தொழிலாளி என்பதே முதல் அனுமானமாகட்டும். தீய நோக்கம் உண்டென்றால் அதை அரசு மெய்ப்பிக்கட்டும். கருவி ஆயுதமாவது அது பயன்படும் கணத்தில். அந்தக் கணத்துக்குரிய தண்டனை, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பொருளையும் கொலைக்கருவியாக்கத் துணியும் சாதிவெறியைத் தொடாமல் கொல்லுப்பட்டறைக்குக் கேமரா வைப்பது, நோயை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்து பூசுவதாகும்.