தூர்வாரும் முன் தடம் பாருங்கள்

பில்லூர் அணையின் ஆழம் 100 அடி. அதில் தண்ணீர் எத்தனை அடி, சேறு எத்தனை அடி என்று கோவை மக்கள் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அவர்கள் குடிக்கும் பவானி நீரைத் தேக்கும் அணை வண்டலால் மேடாகிக்கொண்டிருக்கிறது. மேலே குந்தா அணைக்கும் இதே கதிதான். கோரிக்கை எழும்போதெல்லாம் அரசிடமிருந்து வரும் பதில் ஒன்றே: தூர்வாருவோம். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால், உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் நீலகிரி விவசாயியைக் கைகாட்டுவார்கள். சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்தால் மண் கரையும், உண்மைதான். ஆனால் சாலைக்கும் விடுதிக்கும் பொக்லைன் கொண்டு அறுத்த மலைச்சுவர்கள்? இடிந்து விழும் ஓடைக்கரைகள்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் சரிந்த மண்? இவற்றின் பங்கு என்ன?

இதைச் சொல்ல மண்ணிலேயே சாட்சி உண்டு. 1950, 60களில் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம்-137 மழையோடு இறங்கி உலகெங்கும் மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. அணைச் சேற்றில் அது கணிசமாக இருந்தால் மண் வயல், தோட்டங்களின் மேற்பரப்பிலிருந்து வந்தது. மிகக் குறைவென்றால் ஆழத்தில் அறுத்த மண், இடிந்த கரை. இதோடு மண்ணின் தனிமங்களையும் ஒப்பிட்டால் எந்த ஓடை எவ்வளவு கொண்டுவந்தது என்றே கணக்கிடலாம். பல நாடுகளில் பழகிய முறை இது. (குண்டு போட்டவர்கள் இப்படியொரு உபகாரத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.)

ஆனால் இந்தச் சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது. சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை சீசியம் பாதியாகிறது. 1963 வாக்கில் உச்சத்தில் விழுந்ததில் இன்று கால்பங்குகூட மிச்சமில்லை. வெப்பமண்டலத்தில் விழுந்ததே குறைவு. இன்னும் தள்ளிப்போட்டால் அளப்பதே கடினமாகும்.

ஆகவே பவானி வடிநிலத்தில் தூர்வாரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மண் மாதிரி எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சீசியத்தை அளக்கும் கருவி கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் உண்டு. மண்ணரிப்பை ஆராயும் மத்திய அரசு மையம் உதகையிலேயே இருக்கிறது. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஓடைவாரியாக மாதிரிகள் கைக்கு வர வேண்டும். முடிவு வரும்வரை மலைச்சரிவை அறுக்கப் புதிய அனுமதி எதுவும் தரக்கூடாது.