பாலிசி முடிந்தால் பயிற்சியும் முடிந்ததா?

பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "இன்சூரன்ஸே இதுக்கு மேல தர மாட்டேங்குது. அப்ப பிசியோ தேவையில்லைன்னுதானே அர்த்தம்? இனி தானா சரியாயிடும்." நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் நம்பினால் ஒரு கையே போய்விடும்.

நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் வீடு திரும்பியபின் 60 அல்லது 90 நாள் செலவை ஏற்கின்றன. அந்தக் கணக்கு பாலிசி அச்சான அன்றே முடிவானது. அப்பாவின் விரல் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து யாரும் அதை எழுதவில்லை.

"மூணு மாசத்துல வந்ததுதான் வந்தது" என்பது அடுத்தது. தொடக்க மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், உண்மை. பிறகு வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது. 2006இல் வெளியான அமெரிக்காவின் 'எக்ஸைட்' ஆய்வில் இருந்த 222 பேரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். மணிக்கட்டும் விரலும் ஓரளவு அசைந்தவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையை இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கியவர்களுக்குக் கை தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் இருந்தது.

"வீட்டிலேயே செய்யலாமே?" செய்யத்தான் வேண்டும், கற்றுக்கொண்டு. கட்டிலிலிருந்து எழுப்ப, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவி, தீராத வலி வருகிறது. பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மடங்கி இறுகிய விரல்களுக்கு விரியும் பழக்கம்தான் வேண்டும்.

"காசுக்கு எங்கே போவது?" இது மட்டும் நியாயமான கேள்வி. அதற்காக, பிசியோதெரபிஸ்ட் தினமும் வர வேண்டும் அல்லது அடியோடு நிறுத்த வேண்டும் என்றில்லை. மூட்டு மாற்று அறுவை முடிந்து, முழங்கால் நன்றாக மடங்கி, படியேறுகிறவர் மருத்துவரைக் கேட்டு நிறுத்தலாம். பக்கவாதக்காரர் அப்படி நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிசியோவுக்குப் போகலாம். இடையில் வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டு செய்யவைக்கலாம். சட்டைப் பொத்தான் போடுவது, துணையின்றிக் கழிப்பறை போவது என்று இலக்கு வையுங்கள். ஓரிரு மாதம் முன்னேற்றமே இல்லையென்றால் பயிற்சியை மாற்றச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் செய்கிறார்கள்.

நிறுத்துவதற்கு முன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.