பண்டகசாலைத் தமிழ்

சப்பிரகமுவத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ‘ஸ்டோர்’ என்றே பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு எனக் கூறுவாருளர். காவத்தையிலும் இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சொல்லைத் திருத்த நமக்கென்ன உரிமை? இயந்திரத்தோடு பழகிய நாள்முதல் அம்மக்கள் தமக்கு வேண்டிய சொற்களைத் தாமே ஆக்கிக்கொண்டனர்.

இன்று அவர்தம் பிள்ளைகள் வேறோர் இயந்திரத்தில் ஏறி அமர்ந்துள்ளனர். தோட்டத்து ஸ்டோரிலிருந்து தேயிலை பெரும்பாலும் ஆளின் தோள்மீதேறியே லொறியை அடைகின்றது. ஆனால் இரத்தினபுரி, கேகாலைப் பகுதி லயங்களிலிருந்து கொழும்பைச் சூழ்ந்த பண்டகசாலைகளுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர், அங்கே பாரந்தூக்கி வண்டியாகிய போர்க்லிப்டை ஓட்ட நேர்கின்றது. ஒருகாலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை இரயிலில் மரப்பெட்டிகளாகச் சென்ற சரக்கு, இன்று காகிதச் சாக்குகளாகச் சென்று பலகைத் தட்டுகளில் அடுக்கப்படுகின்றது. அத்தட்டைத் தன் இரும்புக் கவையால் ஏந்திச் செல்வது இவ்வண்டி.

முச்சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவன் இதனையும் ஓட்டிவிடுவான் என்று எண்ணுவது பெருங்கேடு. இது பின்சக்கரங்களால் திரும்பும் வண்டி. திரும்புகையில் அதன் பின்புறம் வெளியே வீசி, அருகில் நிற்பவனைச் சுவரோடு நெரித்துவிடும். இரண்டரைத் தொன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரைத் தொன்னுக்குக் குறையாது. நான்கு சக்கரம் இருப்பினும், முன்சக்கரங்கள் இரண்டும் பின்னச்சின் நடுவும் ஆகிய மூன்று புள்ளிகளிலேயே அது நிலைகொள்கின்றது. பாரத்தை உயர்த்தியபடி வளைந்தால் நிலை தவறிச் சாயும். தேயிலை எடை குறைந்தது, இடம் பெரிது; அடுக்கு ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். அப்போது பின்னோக்கி ஓட்டவேண்டும். சரிவில் இறங்கும்போதும் பாரம் மேட்டுப் பக்கம் இருக்கப் பின்னோக்கியே இறங்கவேண்டும்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞனுக்கு உணர்த்துவது எது? இயந்திரத்தோடு வரும் தகடு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழாக்கம் கிடைத்தாலோ, ‘ஈர்ப்பு மையத்தை உறுதிநிலை முக்கோணத்துள் பேணுக’ என்னும் பாணியில் அமைந்துவிடுகின்றது. ஆங்கிலத்தை இவனால் படிக்க முடியவில்லை. இந்தத் தமிழையோ படித்தும் விளங்கவில்லை. இரண்டாவதே கொடிது என்பேன். விளக்கியாயிற்று என்ற பொய்த் திருப்தியை அது மேலதிகாரிக்குத் தந்துவிடுகின்றதல்லவா?

நிறைகூடையை முதுகில் தாங்கி மலையேறும் கொழுந்துப் பெண் உடலை முன்னே சாய்த்தே நடக்கின்றாள். சுமையின் எடை காலடிக்கு வெளியே போனால் விழுவோம் என்பதை அவள் உடல் அறியும். அவள் மகனுக்கு இதைச் சொல்ல ‘ஈர்ப்பு மையம்’ எதற்கு? “பாரத்தைத் தாழ்த்தி, உன் பக்கம் சாய்த்துக்கொண்டு போ, தூக்கிக்கொண்டு திரும்பாதே” என்றால் போதாதா?

இது இலக்கியப் பக்கத்துக்குரிய பொருளா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததை நாம் போற்றுகின்றோம். அம்மக்களின் மொழி பாட்டுக்கு ஆகும், பாதுகாப்புக்கு ஆகாது என்பது என்ன நியாயம்?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் நமக்குண்டு. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழி தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சட்டத் தமிழ் வேறு, பண்டகசாலைத் தமிழ் வேறு. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு, பயிற்சி தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் மட்டுமன்று, விளங்கும் சொற்களிலும் அமையவேண்டும் என்கின்றது. அந்த ‘சொற்களிலும்’ என்பதையே நான் பற்றிக்கொள்கின்றேன்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதனைத் தொடங்கலாம். நெம்புகோலும் சமநிலையும் கற்பிக்கும் விஞ்ஞான பாடத்தில் இவ்வண்டியை ஓர் உதாரணமாக்குக. விடுமுறைக்கு ஊர்வரும் ஓட்டுநரை வகுப்பில் இருத்தி, அவர் வாய்மொழியில் விதிகளை எழுதிக்கொள்க. அவற்றுள் முதலில் எழுதவேண்டியது, வண்டி சாயும்போது செய்யவேண்டியது. அவ்வேளையில் எவரும் வெளியே குதிக்கவே எண்ணுவர். குதித்தவன்மீதே வண்டியின் மேற்கூரை விழுகின்றது. “பட்டியைக் கழற்றாதே, குதிக்காதே, சுக்கானை இறுகப் பிடி, காலை ஊன்று, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்” என்பதைப் பெரிய எழுத்தில், இருக்கையிலிருந்து கண்ணிற்படும் இடத்தில் ஒட்டவேண்டும்.