வரைபடம் எங்கள் கையிலும் இருக்கட்டும்

"எந்த ஒழுங்கையால் போவது?" என்று கேட்டுப் போயே பழகியவர்கள் எமது பெண்கள் பலர். தாமே வழிதேடப் பழக்கும் விளையாட்டொன்று உண்டு. அதன் பெயர் ஓரியன்ரீரிங். இதன் முதற் பொதுப் போட்டி 1897இல் நோர்வேயில் நடைபெற்றது. வரைபடமும் திசையறிகருவியும் தரப்படும். படத்தில் குறித்த இடங்களை வரிசைப்படி கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். நடந்தும் செல்லலாம்.

மாதர் சங்கங்கள் அனுமதி பெற்று இதனைப் பூங்காவொன்றில் நடத்தலாம். அரச அதிபர் டைக் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய எமது பழைய பூங்கா இதற்கு ஏற்றது. மரங்களையும் வாயிலையும் குறித்துக் கையால் ஒரு படம் வரைந்தாற் போதும். கருவி இல்லையா? காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு.

இதன் பயன் பூங்காவோடு முடிவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் பல ஆண்டுகளின் பின் திரும்பியபோது வேலியுமில்லை, ஒழுங்கையுமில்லை, எங்கும் பற்றை. காணி உறுதியும் நில அளவைப் படமுமே துணை. அவற்றை விரித்துப் பார்க்க வேண்டியவர்களில் கணவரை இழந்த பெண்களும் இருந்தனர். சீதனக் காணியின் எல்லையைப் படத்தில் தானே காட்டத் தெரிந்த பெண்ணை ஏமாற்றுவது கடினம்.

சகோதரிகளே, இம்மாதம் உங்கள் காணிப் படத்தை எடுத்து, முதலில் வடக்குக் குறியைத் தேடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.