அந்தச் சுண்டெலி எது?

"எலிகளில் புதிய மருந்து வெற்றி" என்று பத்திரிகையின் மூலையில் ஒரு செய்தி வரும். வீட்டில் நோயாளிப் பிள்ளை இருந்தால் தாய் அந்தத் துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வாள். அந்த எலி எது, அதை எப்படி உண்டாக்கினார்கள் என்று பார்ப்போமா?

நம் அரிசிப் பானையைச் சுற்றும் எலியல்ல அது. ஆய்வுகூடத்திலேயே பிறந்து வளரும் சுண்டெலி. மனிதனின் பரம்பரை அலகுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்தவை அதனிடமும் உண்டு. மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும்.

முதலில் கையாண்ட வழி நேரானது. கருக்கட்டிய முட்டைக்குள் மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் வேறோர் உயிரின் பரம்பரை அலகைச் செலுத்துவார்கள். 1982இல் அமெரிக்காவில் பால்மிட்டர், பிரின்ஸ்டர் குழுவினர் பெரிய எலியின் வளர்ச்சி ஹோர்மோன் அலகை இப்படிச் செலுத்தியபோது, பிறந்த சுண்டெலிகளிற் சில ஏறத்தாழ இரு மடங்கு வளர்ந்தன. ஆனால் செலுத்திய அலகு எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் தைப்பது மாதிரிதான்.

குறித்த ஓர் அலகை மட்டும் பழுதாக்குவதற்கு வேறு வித்தை வேண்டியிருந்தது. 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் இவான்ஸும் மத்தியூ காஃப்மனும் சுண்டெலி முளையத்தின் கலங்களைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். கலத்துக்குள் குறித்த அலகையே தேடிப் போய் மாற்றும் வழியை மாரியோ கபெச்சியும் ஒலிவர் ஸ்மிதீஸும் தனித்தனியே கண்டார்கள். மாற்றிய கலங்களை வேறு நிற எலியின் முளையத்தில் சேர்த்து, வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைப்பார்கள். பிறக்கும் குட்டியின் உரோமத்தில் இரு நிறத் திட்டுகள் தெரிந்தால் விஞ்ஞானிக்குப் பெரிய சந்தோஷம்! ஆனாலும் வேலை முடியவில்லை. மாற்றம் அதன் விந்திலும் இருந்து, பிள்ளைகளுக்கு இறங்கி, அவற்றைத் தம்முள் இணைத்த பிறகுதான் அந்த அலகு முற்றாகவே இல்லாத எலி கிடைக்கும். இவான்ஸ், கபெச்சி, ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013இல் 'கிறிஸ்பர்' முறை வந்ததும் முட்டையிலேயே வெட்டித் திருத்த முடிந்தது. நீண்ட காலத்து வேலை சில வாரங்களாகச் சுருங்கிற்று.

இனித்தான் அந்தத் தாய்க்குரிய விஷயம். 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோயில் பிள்ளையின் நுரையீரலில் தடித்த சளி கட்டும். 1992இல் அதே அலகைப் பழுதாக்கிச் சுண்டெலிகளைப் பெற்றார்கள். குடல் அடைபட்டுப் பல குட்டிகள் இறந்தன. நுரையீரலோ மனிதப் பிள்ளையினுடையதைப் போல் நோயுறவில்லை. அதே அலகுதான், அதே பழுதுதான். சுண்டெலியின் சுவாசக் குழாயில் உப்பைக் கடத்த வேறொரு வழியும் இருப்பதே காரணம் என்று ஆய்வாளர் கருதினார்கள். நுரையீரல் நோயைப் பார்ப்பதற்கு அவர்கள் பிறகு வேறு விலங்குகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.